கண்டவர் சாட்சியம்

ஒரு நிகழ்ச்சியை நேரில் கண்டு சான்று கூறுபவனை அரபு மொழி ‘ஷாஹித்’ என்று அழைக்கிறது. திரைப்படத்தையோ தொலைக்காட்சியையோ காண்பவனுக்கு இன்றைய அரபு வழக்கு ‘முஷாஹித்’ என்று பெயர் தந்திருக்கிறது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். முன்னிலையில் இருத்தல், கண்ணால் காணுதல் என்பன அவ்வேரின் பொருள்களாகும். நாம் அன்றாடம் வழங்கும் ‘சாட்சி’ என்னும் வடசொல்லிலும் கண்ணைக் குறிக்கும் சொல்லே உள்ளுறைந்து கிடக்கிறது. காண்பவன், சான்று கூறுபவன் என்னும் இருவரையும் மொழிகள் அடுத்தடுத்து வைத்துப் போற்றியதில் ஆழ்ந்த காரணம் உண்டு. கண்டவன் பேசாதிருப்பதில்லை, அவன் பேசும் பேச்சு பிறர் வாழ்விலும் பொருளிலும் சென்று தைக்கிறது.

சென்னையில் அடையாற்றின் கரையில் அமைந்த பகுதி ஈக்காட்டுத்தாங்கல். ‘தாங்கல்’ என்பது தொண்டை நாட்டில் சிறிய பாசன ஏரிக்கு வழங்கும் பெயர். ஏரியின் நினைவைப் பெயரில் மட்டும் தாங்கி நிற்கும் இப்பகுதியில் இன்று நூறடிச் சாலையும், கிண்டித் தொழிற்பேட்டையும், 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும் சூழ்ந்திருக்கின்றன. ஜெயா, புதிய தலைமுறை ஆகிய தொலைக்காட்சிகளின் நிலையங்கள் இங்குள்ளன. ஆற்றுப் பாலத்தை ஒட்டி ஜாபர்கான்பேட்டைப் பக்கம் காசி திரையரங்கம் உள்ளது. அதே சாலையில் சற்று வடக்கே, 1983 முதல் நாற்பது ஆண்டுகள் மக்கள் கூடிய உதயம் திரையரங்கம் 2024இல் மூடப்பட்டது. பெரிய நடிகரின் புதுப்படம் வெளியாகும் நாளில், முதற்காட்சி முடிந்து கதவு திறக்கும்போது இத்தகைய அரங்குகளின் வாயிலில் ஒலிவாங்கிகளும் கேமராக்களும் காத்து நிற்பதைச் சென்னைவாசிகள் அறிவர். ‘படம் எப்படி?’ என்பதே அங்குள்ள ஒரே கேள்வி. வெளியே வருபவர் கூறும் விடை, அவர் வீடு போய்ச் சேருமுன் உலகெங்குமுள்ள தமிழரைச் சென்றடைகிறது.

இந்தக் கேள்விக்கும் விடைக்கும் நூறாண்டு வரலாறு உண்டு. திரைப்படம் கண்டவர் தம் கருத்தை உரைப்பது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. அது ஒரு சாட்சியம். சாட்சியத்திற்குரிய ஒழுங்கை அது பேணியபோது கலையும் சமூகமும் பயன் பெற்றன; ஒழுங்கு குலைந்தபோது தீங்கு விளைந்தது. இதனை அவ்வரலாற்றைக் கொண்டே காண்போம்.

அவையிலிருந்து கொட்டகைக்கு

தமிழ் நாட்டில் ஒரு படைப்பின் தகுதியை அறிஞர் அவையே தீர்மானிப்பது பண்டை மரபு. நூலாசிரியர் தம் நூலை அவையில் வைத்து, எழுகின்ற ஐயங்களுக்கு விடை கூறி, அரங்கேற்றிய பின்னரே அது நூல் எனப்பட்டது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது என்பதே நம் இலக்கிய வரலாறு கூறும் செய்தி. அவையிலிருந்தோர் கற்றவர்கள். கேட்டார்கள், பின் மதிப்பிட்டார்கள்.

திரைப்படம் இந்த முறையைத் தலைகீழாக்கியது. 1905இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டலானார். கூடாரத்தின் மணல் தரையில் கூலியாளும் குடியானவரும் அமர்ந்தனர். எழுத்தறியாதவர் எண்ணிக்கை மிகுதியாகையால், ஊமைப் படத்தில் தோன்றும் எழுத்துகளை உரக்கப் படித்து விளக்குபவர் ஒருவர் திரையருகே நின்றார். ஒரே படக்கருவி இருந்தமையால் ஒவ்வொரு சுருளும் முடியும்போது விளக்கு எரியும். அடுத்த சுருளை மாட்டும் வரை அவையோர் பேசிக்கொண்டிருப்பார்கள். இவ்வாறு படம் முடியுமுன்பே அதனைப் பற்றிய தீர்ப்பு தொடங்கிவிட்டது. அணாக்களைக் கொடுத்துத் தரையில் அமர்ந்தவரே இங்கு அவையோர். கல்வியன்று, கண்டமையே அவர்களுடைய தகுதி.

கருத்தைக் கேட்ட குழு

பொதுமக்களின் திரைப்படக் கருத்தை அரசாங்கம் முறையாகக் கேட்டறிந்த முதல் நிகழ்ச்சி 1927-28இல் நடந்தது. அமெரிக்கப் படங்கள் இந்தியரிடையே ஐரோப்பியரின் மதிப்பைக் குறைக்கின்றன என்ற அச்சமும், பிரிட்டிஷ் படங்களுக்கு இங்கு முன்னுரிமை பெற வேண்டுமென்ற விருப்பமும் ஆட்சியாளருக்கு இருந்தன. ஆகவே இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் அதன் தலைவர். சர் இப்ராஹீம் ஹாரூன் ஜாபர், கே. சி. நியோகி ஆகியோர் அதிலிருந்த மற்ற இந்தியர்கள்; எஞ்சிய மூவரும் ஆங்கிலேயர்.

அக்குழு 4,325 வினாத்தாள்களை அனுப்பியது. 1,491 பேரிடமிருந்து விடைகள் வந்தன. சென்னை உள்ளிட்ட நகரங்களில் அமர்ந்து 353 பேரை நேரில் விசாரித்தது. தணிக்கை அதிகாரிகள், கொட்டகை உரிமையாளர், ஆசிரியர், பத்திரிகையாளர் எனப் பலதரத்தாரும் சான்று கூறினர். சான்றுகளை நிறுத்துப் பார்த்த குழு, ஆட்சியாளர் எதிர்பார்த்த முடிவுக்கு வரவில்லை. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச் சலுகை வேண்டியதில்லை. இந்தியத் திரைத்தொழிலுக்கே ஊக்கம் வேண்டும் என்று 1928இல் அறிக்கை தந்தது. அரசாங்கம் அதனை அலமாரியில் வைத்துப் பூட்டியது வேறு செய்தி. வினாவை எழுதியவர் விரும்பிய விடையைச் சாட்சிகள் தரவில்லை என்பதே நாம் இங்குக் கொள்ள வேண்டிய பாடம்.

அந்த விடைகளுள் ஒன்று காந்தியடிகளுடையது. அவருக்குத் திரைப்படத்தின் மீது நல்லெண்ணம் இல்லை. அதனால் விளையும் தீமை வெளிப்படை என்றே எழுதினார். எனினும், தாம் ஒருபோதும் படக் கொட்டகைக்குச் சென்றதில்லை என்பதையும், ஆகவே வினாத்தாளுக்கு விடை கூறத் தமக்குத் தகுதியில்லை என்பதையும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவருடைய முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். காணாதவர் தம்மைக் காணாதவர் என்று அறிவித்துக்கொண்ட நேர்மையை மறுத்தற்கில்லை.

ஏடுகளின் காலம்

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ வெளியாயிற்று. தமிழ்ப் பேசும் படங்களின் வரலாறு அதிலிருந்தே எண்ணப்படுகிறது. பேச்சு வந்த பின் பாட்டும் உரையாடலும் மக்கள் வாயில் நடமாடலாயின. அரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கத்தைப் பாதி வரை அச்சிட்டு, மீதியைத் திரையில் காணுமாறு முடித்திருப்பார்கள். அப்புத்தகமே வீட்டிலிருந்தோர்க்குப் படத்தைப் பற்றிய முதல் செய்தியாக அமைந்தது.

ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதி வந்த மதிப்புரைகள், இசையையும் கலையையும் நகைச்சுவையோடு நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை நடுத்தரக் குடும்பங்களில் பரப்பின. பின்னர் 1940களில் ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ முதலிய திரை ஏடுகள் தோன்றின. பி. ஆர். எஸ். கோபால் நடத்திய குண்டூசியின் கேள்வி-பதில் பகுதி புகழ் பெற்றது. ஊரில் அமர்ந்து படம் பார்த்த ஒருவர் தம் ஐயத்தை அஞ்சலட்டையில் எழுத, ஆசிரியர் அச்சில் விடையளிப்பார். கடல் கடந்து இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எழுந்தபோது, நேயர்களின் விருப்பக் கடிதங்கள் அங்குக் குவிந்தன, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் தமிழகத்து இல்லங்களுக்கும் உறவினர் போல் ஆயினர்.

விகடன் 1960களில் மற்றொரு முறையைக் கையாண்டது. விமரிசனத்தை ஒரு பண்டிதரின் கட்டுரையாக எழுதாமல், இரு நண்பர் படம் பார்த்துவிட்டு உரையாடுவதாகவே அமைத்தது. சேகர்–சந்தர் என்னும் படித்த இளைஞர் ஒரு படத்தைப் பேசுவர். முனுசாமி–மாணிக்கம் என்போர் சென்னைத் தெருத்தமிழில் இன்னொன்றைப் பேசுவர். ஒருவர் புகழ, மற்றவர் குறை காட்ட, வாசகன் நடுவிலிருந்து முடிவு செய்துகொள்ளலாம். பிற்காலத்தில் அவ்வேடு படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கிற்று. 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்திற்கு அளிக்கப்பட்ட 62½ என்னும் எண் இன்றளவும் பேசப்படுகிறது. எண் கஞ்சத்தனமாகத் தோன்றலாம்; எளிதில் கிடைக்காததாலேயே அது மதிப்புப் பெற்றது.

கருத்து நஞ்சாகிய கதை

1944ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு பெரும் பாடத்தை எழுதிச் சென்றது. அவ்வாண்டுத் தீபாவளிக்கு எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்திருந்தார். தொலைக்காட்சியோ இடைவிடாத விளம்பரமோ இல்லாத அக்காலத்தில், கண்டவர் காணாதவர்க்குச் சொல்ல, காணாதவர் சென்று கண்டு மீண்டும் பிறர்க்குச் சொல்ல, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு அப்படம் ஓடிற்று. மக்கள் சாட்சியத்தின் வலிமைக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற ஏட்டையும், அது நிறுத்தப்பட்ட பின் ‘இந்து நேசன்’ என்ற ஏட்டையும் நடத்தி வந்தார். படங்களின் குணங்குறைகளை அவ்வேடுகள் பேசவில்லை; நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய அவதூறே அவற்றின் சரக்கு. அவற்றை வாங்கிப் படிக்கவும் மக்கள் இருந்தனர். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். ஹரிதாஸ் நிறைந்த அரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் நாயகரும் நகைச்சுவை நடிகரும் சிறை புகுந்தனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவரென விடுதலையாயினர். ஆயினும் பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்கு மீளவில்லை. அவதூறு எழுதியவர் உயிரை இழந்தார். எழுதப்பட்டவர் வாழ்வை இழந்தார்.

படைப்பைப் பற்றிப் பேசுவது வேறு, படைத்தவனின் இல்லத்தை எட்டிப் பார்ப்பது வேறு. முன்னது மதிப்புரை, பின்னதற்கு நம் வழக்கில் ‘கீபத்’ என்று பெயர். புறம் பேசுதலாகிய அதில், சொல்வது உண்மையாயிருப்பினும் பாவமே. பொய்யாயின் அது அவதூறாகி மேலும் கொடிதாகும். இவ்விரண்டிற்குமிடையே உள்ள கோட்டை அழித்தால் விளைவது என்ன என்பதை அந்த வழக்கு காட்டிற்று.

காலம் தந்த தீர்ப்பு

1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. மு. கருணாநிதியின் உரையாடலும் சிவாஜி கணேசனின் முதல் திரைத்தோற்றமும் அதற்குத் தனி வேகம் தந்தன. தினமணி கதிர் அதன் பெயரையே திரித்துப் ‘பரப்பிரம்மம்’ என்று எள்ளி நகையாடியது. தடை செய்ய வேண்டுமென்ற குரல்கள் எழுந்தன. மக்களோ அதன் உரையாடல்களை மனப்பாடம் செய்து தெருமுனைகளில் ஒப்பித்தனர். படம் நூறு நாள்களைக் கடந்து ஓடியது. ஏட்டின் கருத்தும் மக்களின் கருத்தும் எதிரெதிர் நின்ற நிகழ்ச்சி அது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத படம். பாடலும் ஆடலும் எதிர்பார்த்து வந்த அவையோர் ஏமாற்றமடைந்தனர். வெளியான காலத்தில் படம் ஓடவில்லை. விமரிசகர் பாராட்டினர்; தேசிய விருதும் இடமளித்தது. இன்று தமிழின் சிறந்த படங்களை எண்ணுவோர் அதனை விடுவதில்லை. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ திரையரங்கில் தோற்று, தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி காணப்பட்டு மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றதும் இவ்வகையே. முதல் நாளின் சாட்சியம் பொய் என்பது இதன் பொருளன்று. அது முடிவான தீர்ப்பன்று என்பதே பொருள். சாட்சி கண்டதைச் சொல்கிறான். தீர்ப்பு வழங்கக் காலம் என்னும் நீதிபதி அவனுக்குப் பின்னே அமர்ந்திருக்கிறார்.

அன்பும் பகையும்

சாட்சியச் சட்டத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் நுட்பமான நிபந்தனைகளை வகுத்திருக்கின்றன. காணாததைக் கண்டதாகக் கூறலாகாது. சான்று கூறுவதால் பயனடைபவனின் சாட்சியம் ஏற்கப்படாது. பகைவனுக்கு எதிராகப் பகைவன் கூறுவதும் ஏற்கப்படாது. மகனுக்கு ஆதரவாகத் தந்தை கூறுவதும் ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஏற்கப்படுவதில்லை. தந்தை பொய்யர் என்பதாலன்று. அன்பு கண்ணை மறைக்கும் என்பதால்.

ரசிகர் மன்றங்களின் வரலாற்றை இந்த ஒளியில் காணலாம். எம்.ஜி.ஆர்., சிவாஜி ஆகியோர் பெயரால் ஊர்தோறும் எழுந்த மன்றங்கள் நற்பணிகளும் செய்தன. 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது அவருடைய மன்றங்களே அதற்குக் கால்கோளாயின. எளிய மக்களுக்கு ஓர் அமைப்பையும் அடையாளத்தையும் அவை தந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் மன்றத்தில் சேர்ந்தவன் படத்தைப் பற்றிச் சாட்சி கூறும் நிலையை இழந்தான். தன் நாயகன் படம் வெற்றி, எதிர் நாயகன் படம் தோல்வி என்பது அவன் அரங்கினுள் நுழையுமுன்பே எழுதி முடித்த முடிவு. அன்று தேநீர்க் கடைகளில் நடந்த அவ்வழக்காடல் இன்று கைப்பேசியில் நடக்கிறது; ஆள்கள் மாறினர், அன்பும் பகையும் மாறவில்லை.

நம் சமூகமும் திரையும்

திரைப்படம் காண்பது குறித்து நம் இல்லங்களில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. அறவே விலக்கியோர் உண்டு. தேர்ந்து கண்டோர் உண்டு. ஆயினும் திரை நம்மைக் காட்டும்போது, காணாதவரையும் அது தொடத்தான் செய்கிறது. 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்பட்ட நாயகனைக் கண்ணியத்துடன் காட்டியது, நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரலும் அதில் ஒலித்தது. 1990களுக்குப் பின் வந்த பல படங்களில் முஸ்லிம் பாத்திரத்தின் கையில் துப்பாக்கி ஏறியது. இதனைக் குறித்து வருத்தமும் கண்டனமும் எழுந்தது இயல்பே.

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளிவரவிருந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு பதினைந்து நாள்களுக்குத் தடை விதித்தது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டுத் தடையை நிறுத்தி வைத்தார். மறுநாளே அமர்வு தடையை மீட்டது. பிப்ரவரி 2ஆம் நாள் அரசு முன்னிலையில் அமைப்புகளும் படத் தரப்பும் அமர்ந்து பேசி, ஏழு இடங்களில் ஒலியை நீக்கவும் திருத்தவும் உடன்பட்டன. பிப்ரவரி 7ஆம் நாள் படம் தமிழகத்தில் வெளியாயிற்று.

யார் பக்கம் நியாயம் என்பதை இங்கு நான் வழக்காட வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ‘இப்படம் எங்களை இழிவுபடுத்துகிறது’ என்றும், ‘இவர்கள் கலைக்குப் பகைவர்’ என்றும் பொதுப்பட முழங்கிய நாள்களில் வழி பிறக்கவில்லை. இன்ன காட்சி, இன்ன சொல் என்று விரல் வைத்துக் காட்டிய அன்று வழி பிறந்தது. வழக்கு மன்றத்திலும் ‘அவன் கெட்டவன்’ என்பது சாட்சியமாகாது. ‘இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னது செய்தான்’ என்பதே சாட்சியம். திரை நம்மைத் தவறாகக் காட்டுகிறது என்று உலகுக்கு உணர்த்த விரும்பும் நம் பிள்ளைகள், இந்தத் துல்லியத்தைக் கற்க வேண்டும். கண்ட ஒருவர் அளந்து சொன்ன ஒரு சொல், காணாத ஆயிரவர் எழுப்பிய முழக்கத்தினும் வலிது.

மூன்று நாள் வழக்கு

இனி, நூறடிச் சாலையின் ஒலிவாங்கிகளிடம் வருவோம். அவை ஏன் இத்தனை அவசரப்படுகின்றன? விடை வணிகத்தில் இருக்கிறது.

முன்னாளில் படம் என்பது தகரப் பெட்டிகளில் அடைத்த சுருள்கள். ஒரு படியெடுக்கும் செலவு மிகுதியாகையால் சில படிகளே எடுக்கப்பட்டன. முதலில் பெருநகரங்கள், பின்னர் சிறு நகரங்கள், கடைசியில் கிராமத்துக் கீற்றுக்கொட்டகை எனப் படப்பெட்டி மாதக்கணக்கில் பயணம் செய்யும். பெட்டிக்கு முன்னே அதனைப் பற்றிய பேச்சு ஊர் வந்து சேர்ந்துவிடும். நல்ல படம் மெல்ல ஏறி நூறு நாள் காணும். விளம்பரத்தால் ஏமாற்றிய படம் மெல்ல இறங்கும். 2000களின் நடுப்பகுதிக்குப் பின் எண்முறைத் தொழில்நுட்பம் பெட்டியை ஒழித்தது. இன்று ஒரே காலையில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. வருவாயின் பெரும்பகுதி முதல் மூன்று நான்கு நாள்களிலேயே திரட்டப்பட்டாக வேண்டும். ஆகவே முதற்காட்சி பார்த்தவரின் சொல் கோடிகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதாயிற்று.

2024இல் ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய பெரும் பொருட்செலவுப் படங்கள் இத்தகைய விமரிசனங்களால் பாதிக்கப்பட்டன என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் கூறியது. நவம்பர் 14ஆம் நாள் கங்குவா வெளியான சில நாள்களில், அரங்க வளாகத்தினுள் யூடியூப் சேனல்கள் பார்வையாளரிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கலாகாது என்று திரையரங்க உரிமையாளரை அது வேண்டிக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாள்கள் இணைய விமரிசனங்களைத் தடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தையும் நாடியது. டிசம்பர் தொடக்கத்தில் நீதிமன்றம், விமரிசனம் கருத்துரிமையின் பாற்பட்டது என்று கூறி, இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. கேரளத்திலும் இத்தகைய வழக்கு 2023இல் எழுந்தது. அங்கு உயர்நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், விமரிசகர்கள் 48 மணி நேரம் பொறுத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

தயாரிப்பாளரின் கவலை பொருளற்றதன்று. பல நூறு தொழிலாளரின் உழைப்பு ஒரு வாயிலில் நின்று எள்ளி நகையாடப்படுவது கொடுமையே. நடிகரின் உருவத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசி, அதனையே விமரிசனம் என்று விற்போர் லட்சுமிகாந்தனின் வழித்தோன்றல்களே. எனினும் ஒன்றைக் கேட்க வேண்டும். படம் வெளியாகுமுன் மாதக்கணக்கில் புகழுரை பரப்ப உரிமையுண்டு எனில், பணம் கொடுத்துக் கண்டவர் குறை சொல்ல மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது எந்தத் தராசு? குடும்பத்தோடு திரையரங்கம் சென்று வரும் செலவு இன்று சிறியதன்று. விற்பவன் தன் பொருளைப் புகழலாம். வாங்கியவன் வாயைக் கட்டலாகாது.

அதனினும் பெரிய கேடு வேறொன்று. அது விலைக்கு வாங்கிய சாட்சியம். அமெரிக்காவின் சோனி நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் டேவிட் மேனிங் என்ற பெயரில் இல்லாத ஒரு விமரிசகரைப் படைத்து, அவர் புகழ்ந்ததாகத் தன் படங்களுக்கு விளம்பரம் செய்தது. 2001இல் ஒரு பத்திரிகை அதனை அம்பலப்படுத்தியது. அதே நிறுவனத்தின் ஊழியர் இருவர் சாதாரணப் பார்வையாளர் போல் நடித்து, ஒரு படத்தைப் புகழ்ந்து விளம்பரத்தில் தோன்றியதும் வெளிப்பட்டது. ஏமாந்த பார்வையாளருக்கு இழப்பீடு வழங்க அந்நிறுவனம் பின்னர் உடன்பட நேர்ந்தது. அரங்க வாயிலில் நின்று ‘படம் எப்படி?’ என்று கேட்கும் கேள்வியின் மதிப்பு, விடை கூறுபவர் கூலி பெறாதவர் என்னும் நம்பிக்கையில்தான் இருக்கிறது. அந்நம்பிக்கை சிதைந்தால் புகழும் பயனற்றதாகும், இகழும் பயனற்றதாகும்; நேர்மையாக உழைத்துச் சிறு படம் எடுத்தவனே அதனால் முதலில் அழிவான்.

எல்லாரும் சாட்சிகள்

கல்கியின் காலத்தில் கருத்துரைப்போர் சிலர், கேட்போர் பலர். இன்று கைப்பேசி வைத்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஓர் ஏட்டாசிரியருக்கு நிகரான குரல் பெற்றுவிட்டான். ஏட்டாசிரியருக்கேனும் அச்சகத்தில் ஓர் இரவு அவகாசம் இருந்தது. எழுதியதை அடித்துத் திருத்தலாம். பிள்ளைக்கு அந்த அவகாசமும் இல்லை. சட்டம் போட்டோ நாள் குறித்தோ இதனைச் சீர்படுத்துவது அரிது. சாட்சியின் ஒழுங்கை வீட்டில் கற்பிப்பதே எஞ்சிய வழி.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு படத்தைப் பற்றி எழுத முற்படும்போது பெற்றோர் சில கேள்விகளைக் கேட்கலாம். முழுவதும் கண்டாயா, பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாயா? படைப்பைப் பேசுகிறாயா, ஆளைப் பேசுகிறாயா? இன்ன இடம் என்று காட்ட முடியுமா? உனக்குப் பிடித்தவர் என்பதால் புகழ்கிறாயா, பிடிக்காதவர் என்பதால் இகழ்கிறாயா? நீ எழுதியதைப் படத்தை எடுத்தவரின் முகத்தை நோக்கிச் சொல்ல உனக்குத் துணிவு உண்டா?

இக்கேள்விகளுக்கு விடை கூறப் பழகிய பிள்ளை படத்தோடு நின்றுவிட மாட்டான். அண்டை வீட்டாரைப் பற்றிய செய்தி வந்தாலும், ஒரு சமூகத்தைப் பற்றிய வதந்தி கைப்பேசியில் வந்தாலும், அவற்றையே கேட்பான். பொய்ச் செய்தியால் ஊர்கள் எரியும் காலம் இது. அச்செய்திகளால் மிகுதியும் புண்பட்டவர்களுள் நாமும் உள்ளோம். கண்டதைச் சொல்வதும், கண்ட அளவே சொல்வதும், காணாததைக் காணவில்லை என்று ஒப்புவதும் ஒருவனுக்குத் திரையரங்க வாயிலிலேயே கைவந்துவிடுமானால், அதைவிட எளிய பள்ளிக்கூடம் வேறில்லை.